இன்னும் 17 ரன்!

உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். காலையில் வந்து டிபன் பையைக்கூட மேஜையில் வைத்திருக்க மாட்டார். "விஷயம் தெரியுமா? அவர் போயிட்டாராம்!" என்பார். முகத்தில் துக்கம்தான். ஆனால் அந்தத் துக்கத்தின் ஓரத்தில், 'முதலில் சொன்னது நானாக்கும்' என்று ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்க்கும்.

எங்கள் ஆபீஸில் அந்த மகானுபாவருக்குப் பெயர் 'வதந்தி'. (அப்பா அம்மா வைத்த பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் ஞாபகம் இல்லை.)

'எங்கள் ஆபீஸ்' என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, நான் அங்கே சம்பளக்காரன் இல்லை. பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிற ஆசாமி. 'ஃப்ரீலான்ஸ்' என்று நான் சொன்னால், என் மாமனார் அதை உறவினர்களிடம் 'மாப்பிள்ளை சும்மா இருக்கார்' என்று மொழிபெயர்ப்பார். அதனால் வாரத்தில் மூன்று நாள் அந்தக் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போகிறேன். காசு மாடியில் கிடைக்கிறது. சந்தோஷம், பதினொரு மணிக்குக் கீழே இருக்கிற டீக்கடையில்.

நாங்கள் நாலு பேர். நான், வதந்தி, புள்ளிவிவரம், சீனியர்.

புள்ளிவிவரம் அக்கவுன்ட்ஸில் இருக்கிற பையன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு, அன்றைக்கு ஷார்ஜாவில் யார் ஜெயித்தார்கள் என்று சொன்னவன். (இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.) சீனியர், ரிட்டயர் ஆகிற வயதில் இருக்கிற ஹெட்கிளார்க். அதிகம் பேச மாட்டார். டீயை ஆற வைத்துக் குடிப்பார். நாங்கள் இரண்டாவது ரவுண்டு போகும்போது அவர் முதல் டீயின் பாதியில் இருப்பார்.

பிரபலம் யாராவது காலமாகிவிட்டால், அன்றைக்கு எங்கள் டீக்கடையில் இரங்கல் கூட்டம். இதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. எல்லா டீக்கடையிலும் அநேகமாக இதேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் சந்தேகம். "நிஜமாவா? வதந்தியா?" (எங்கள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம்.)

இரண்டாவது, "வயசு என்ன?" பதில் வந்ததும் கொஞ்ச நேரம் மௌனம். அது அஞ்சலி மௌனம் இல்லை, சார். அவரவர் மனசுக்குள் கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, "நேத்துகூட டி.வி.யில பார்த்தேனே!" நேற்று டி.வி.யில் வந்தவர் இன்று போகக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிற மாதிரி.

நான்காவது, "இவங்க எல்லாம் மூணு மூணு பேராத்தான் போவாங்க. பாருங்க, இன்னும் ரெண்டு இருக்கு." இது வதந்தியின் இலாகா. ஐந்தாவது புள்ளிவிவரம். ஆறாவது சண்டை. ஏழாவது, டீக்கு யார் காசு கொடுப்பது என்பது.

உதாரணத்துக்கு ஷேன் வார்ன்.

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. பதினொரு மணி டீக்கு வதந்தி கொண்டுவந்தது ராட் மார்ஷ். ஆஸ்திரேலியாவின் பழைய விக்கெட் கீப்பர், வயது 74. எங்களில் பாதிப் பேருக்கு யார் என்றே தெரியவில்லை. சீனியர் மட்டும், "லில்லி போட, மார்ஷ் பிடிக்க..." என்று ஆரம்பித்தார். "தொண்ணூத்தஞ்சு தடவை சார்" என்று புள்ளிவிவரம் முடித்தான். அஞ்சலி அதோடு சரி.

அன்று சாயங்காலமே தாய்லாந்திலிருந்து அடுத்த செய்தி. ஷேன் வார்ன்! காலையில் மார்ஷுக்கு ட்விட்டரில் இரங்கல் எழுதினவர் ராத்திரிக்குள் தானே போய்விட்டார். மறுநாள் டீக்கடையில் வதந்தி நிற்க இடமில்லாமல் தவித்தான். "சொன்னேனா இல்லையா? ரெண்டு ஆச்சு! மூணாவது யாருன்னு பாருங்க!"

"வயசு என்ன?" என்றார் சீனியர்.

"அம்பத்திரண்டு."

சீனியருக்கு அப்போது அதைவிட நாலு ஜாஸ்தி. கையிலிருந்த மசால் வடையைப் பேசாமல் தட்டில் வைத்துவிட்டார். வதந்தி அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டான். அவனுக்கு இன்னும் வயசு இருக்கிறது.

பிறகு புள்ளிவிவரம் மைக்கைப் பிடித்தான். டெஸ்டில் 708 விக்கெட். முதல் விக்கெட் யார் தெரியுமா? நம்ம ரவி சாஸ்திரி! 1992 ஜனவரி, சிட்னி. 150 ரன் கொடுத்து அந்த ஒரே ஒரு விக்கெட். 'இந்தப் பையன் தேற மாட்டான்' என்று எத்தனை டீக்கடையில் தீர்ப்பு சொல்லியிருப்பார்கள்! அடுத்த வருஷம் ஜூன் 4-ம் தேதி, மான்செஸ்டரில், ஆஷஸ் தொடரில் அவர் போட்ட முதல் பந்து மைக் கேட்டிங்கின் லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்ப் பெயிலைத் தட்டியது. கேட்டிங் நின்ற நிலையைப் பார்த்தால், பஸ்ஸில் பர்ஸை அடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

"ஜூன் 4, எஸ்.பி.பி.யோட பர்த்டே" என்றான் புள்ளிவிவரம். இந்த மாதிரி சம்பந்தம் எல்லாம் அவனுக்கு மட்டும் எப்படித்தான் கிடைக்கிறதோ!

"நம்ம ஊர்ல வந்து வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அதைச் சொல்லு" என்றேன். 1998, சேப்பாக்கம். முதல் இன்னிங்ஸில் சச்சினை 4 ரன்னில் வார்ன் தூக்கிவிட்டார். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் 155 நாட் அவுட். அந்த மேட்சுக்கு முன்னால், லட்சுமண் சிவராமகிருஷ்ணனை லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்ச்சைக் கீறிவிட்டுப் போடச் சொல்லி சச்சின் பயிற்சி எடுத்த கதையைச் சென்னைக்காரர்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொல்வார்கள். 2008-ல் பழிக்குப் பழி. முதல் ஐ.பி.எல். ஃபைனலில் வார்னின் ராஜஸ்தான், தோனியின் சென்னையைக் கடைசிப் பந்தில் ஜெயித்தது.

"அதெல்லாம் சரி. பேட்டிங்கில் ஒரு செஞ்சுரிகூட இல்லியே!" என்றான் வதந்தி. அவனுக்கு யாரையாவது ஏதாவது குறை சொன்னால்தான் டீ இறங்கும்.

புள்ளிவிவரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தொண்ணூத்தொம்பது அடிச்சார்யா! 2001, பெர்த், நியூஸிலாந்தோட. வெட்டோரி பந்தைத் தூக்கி அடிச்சு கேட்ச். அப்புறம் பார்த்தா அது நோ-பால்! அம்பயர் பார்க்கலை. அந்தக் காலத்தில் அதையெல்லாம் தேர்ட் அம்பயர் பார்க்கற வழக்கமும் இல்லை. 3,154 ரன். செஞ்சுரியே இல்லாம டெஸ்டில் இவ்வளவு ரன் அடிச்ச ஆள் வேற யாரும் கிடையாது!"

"தேர்ட் அம்பயர்னு ஒருத்தர் வந்தப்புறம், அவரால முதல்ல அவுட் ஆனதே நம்ம சச்சின்தான், 1992 டர்பன்" என்று கொசுறாக வேறு ஒன்று கொடுத்தான்.

சீனியர் ஆறின டீயைப் பார்த்தபடி, "தேர்ட் அம்பயர் கூப்பிட்டிருக்கலாம்" என்றார். எந்த அவுட்டைச் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்படிக் கூப்பிடப்பட்ட ஒருவரும் உண்டு.

2023 ஆகஸ்ட் 23. "ஹீத் ஸ்ட்ரீக் போயிட்டார்" என்று வந்தான் வதந்தி. ஜிம்பாப்வே கேப்டனாக இருந்தவர், 65 டெஸ்டில் 216 விக்கெட். டெஸ்டில் நூறு விக்கெட்டைத் தாண்டிய முதல் ஜிம்பாப்வேக்காரர். உடம்பு சரியில்லை என்று முன்பே செய்தி வந்திருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. உலகம் முழுக்க இரங்கல் செய்தி. அவரோடு ஆடிய ஹென்றி ஒலோங்காவே அஞ்சலி எழுதிவிட்டார்.

ஒலோங்காவை என் தலைமுறைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999 உலகக் கோப்பை, லெஸ்டர். இந்தியாவுக்கு 2 ஓவரில் 9 ரன் வேண்டும், கையில் 3 விக்கெட். மூன்றையும் ஒரே ஓவரில் எடுத்தார் மனுஷன். 3 ரன்னில் தோற்றோம். எனக்கு ஒன்பது வயசு. சாப்பிடாமல் படுத்தேன். அப்பா எழுப்பி, "தோக்கறதுக்கும் வயித்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று தோசை ஊட்டிவிட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஒலோங்காதான் கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி போட்டார். இப்போதுதான் ஸ்ட்ரீக்கிடமிருந்து தகவல் வந்தது, ஆள் உயிரோடுதான் இருக்கிறார், தேர்ட் அம்பயர் அவரைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார் என்று!

டீக்கடையில் வதந்தியை நாங்கள் ஓட்டின ஓட்டம் இருக்கிறதே, அவன் அரை நாள் லீவ் போடலாமா என்று யோசித்தான். டீ மாஸ்டர்கூட, "உங்களுக்கு ஒரு டீ போட்டேன் சார், கன்ஃபர்ம் பண்ணிட்டுக் குடிங்க" என்றார்.

ஆனால் எனக்கு அன்று வேறு ஒரு யோசனை. ஒரு மனுஷன், தான் போன பிறகு ஊர் என்ன பேசும் என்பதை உட்கார்ந்து படித்திருக்கிறார்! 'எவ்வளவு நல்லவர், எப்பேர்ப்பட்ட போராளி' என்று எழுதினவர்கள் எல்லாம் அதை அவரிடம் நேரில் சொல்லியிருப்பார்களா? நம் ஊரில் மாலை போட்டுப் புகழ்வது என்றால் படத்துக்குத்தானே போடுகிறோம்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒருத்தர் கணக்கில் வரவு வைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் கணக்கு நடப்பில் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். புத்தகத்தை மூடிய பிறகு எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அன்று ராத்திரி ஊரில் இருக்கிற அப்பாவுக்கு போன் போட்டேன். "அப்பா, சின்ன வயசுல எனக்குத் தோசை ஊட்டிவிட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றேன். தொண்டை லேசாக அடைத்தது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவுடா வேணும்?"

ஸ்ட்ரீக் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. செப்டம்பர் 3-ம் தேதி நிஜமாகவே போய்விட்டார். வயது 49. "நான் பதினோரு நாள் முன்னாடியே சொன்னேன்" என்று வதந்தி ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனே நிறுத்திக்கொண்டான்.

இவ்வளவும் எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், போன வாரம் நடந்ததைச் சொல்வதற்காக. அதைச் சொல்ல 2020 செப்டம்பருக்குப் போக வேண்டும்.

அப்போது பாதிப் பேர் ஆபீஸில், பாதிப் பேர் வீட்டில். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி விட்டுக்கொண்டு, ஆளுக்கு ஒரு மூலையில் நின்று டீ குடித்த காலம். 24-ம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் டீன் ஜோன்ஸ் மும்பையில் மாரடைப்பில் இறந்துபோனார். ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல்லுக்கு மும்பையிலிருந்து டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தவர். வயது 59.

சாயங்கால டீக்குச் செய்தி வந்ததும் சீனியர் அழுதார்.

கண் கலங்கினார் என்று சொல்லவில்லை. அழுதார். முகக்கவசம் நனைகிற அளவுக்கு. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆஸ்திரேலியாக்காரருக்கு ஒரு ஹெட்கிளார்க் இப்படி அழுது யார் பார்த்திருக்கிறார்கள்?

"1986, சேப்பாக்கம் டெஸ்ட். நானும் அண்ணனும் இருந்தோம்" என்றார் சீனியர். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

புள்ளிவிவரம் உடனே பிடித்துக்கொண்டான். டீன் ஜோன்ஸ் 210. எட்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்று அடித்தது. பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் நாற்றம் வேறு. நடுவில் பிட்ச் ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். இனி முடியாது என்று அவர் சொன்னபோது எதிர்முனையில் கேப்டன் ஆலன் பார்டர், நீ போ, க்வீன்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனைக் கூப்பிட்டுக்கிறேன் என்கிற தோரணையில் உசுப்பிவிட்டார். ரோஷத்தில் மீண்டும் அடித்தார் ஜோன்ஸ். அவுட் ஆன பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

அரை மணி நேரம் பேசினோம். சீனியர் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இரண்டு தடவை வாயைத் திறந்தார். நாங்கள் விடவில்லை.

மறுநாள் மத்தியானம் எஸ்.பி.பி.

அதற்குப் பிறகு ஜோன்ஸை யார் பேசுவார்கள்? ஆகஸ்ட் 5-ம் தேதியிலிருந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று ஊரே காத்திருந்தது. டீ மாஸ்டர் எஃப்.எம்.மைச் சத்தமாக வைத்துவிட்டு, பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வழக்கமாக வருகிற நடைமுறை எதுவும் அன்று இல்லை. 'வயசு என்ன' என்று யாரும் கேட்கவில்லை. நாலு மொழிகளில் ஆறு தேசிய விருது என்று ஆரம்பித்த புள்ளிவிவரமே பாதியில் விட்டுவிட்டான். கடைசியில் ஒன்றுதான் சொன்னான். விஸ்வநாதன் ஆனந்த் 13 வயசுப் பையனாக மெட்ராஸ் கோல்ட்ஸ் டீமில் தேசியப் போட்டிக்குப் போனபோது, 1983-ல், அந்த டீமுக்கு ஸ்பான்ஸர் எஸ்.பி.பி.யாம். தன்னுடைய முதல் ஸ்பான்ஸர் அவர்தான் என்று ஆனந்தே அன்று எழுதியிருந்தார்.

"பாடினது மட்டும்தான் நமக்குத் தெரியும்" என்றான் வதந்தி. அவன் வாயிலிருந்து வந்த சுத்தமான உண்மை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

ஒரு வாரம் எஸ்.பி.பி. பேச்சே ஓடியது. டீன் ஜோன்ஸ் கணக்கு ஒரே நாளில் மூடப்பட்டது. (1963 நவம்பர் 22-ல் கென்னடி சுடப்பட்டாரே, அன்றைக்கே ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி.எஸ். லூயிஸ் என்று இரண்டு பெரிய எழுத்தாளர்களும் போனார்கள். யார் கவனித்தார்கள்?) சீனியரின் அழுகையும் அதோடு போயிற்று.

இப்போது போன வாரம்.

சீனியர் ரிட்டயர் ஆகப் போகிறார். ஆபீஸில் சர்க்குலர் வந்துவிட்டது. டீக்கடையில் புள்ளிவிவரம் பேச்சுக்குப் பேச்சு, "சார்தான் நம்ம ஆபீஸில் டை டெஸ்டை நேர்ல பார்த்த ஒரே ஆள். டெஸ்ட் வரலாற்றில் டை ஆனதே ரெண்டு மேட்ச்தான். 1960 பிரிஸ்பேன், 1986 மெட்ராஸ். ஃபேர்வெல்லில் அதைப் பத்தி நான் பேசறேன் சார்" என்றான்.

சீனியர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பேசாதேப்பா. நான் பார்க்கலை."

"சார்?"

"கணக்கை மூடறேன். ஒரு பொய் பாக்கி நிக்குது. சொல்லிடறேன்."

செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சீனியருக்கு இருபது வயசு. அவருடைய அண்ணன் ஆபீஸுக்கு வயிற்று வலி என்று லீவ் லெட்டர் கொடுத்துவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். கடைசி நாள், 348 அடித்தால் ஜெயிக்கலாம். கவாஸ்கருக்கு அது தொடர்ந்து நூறாவது டெஸ்ட். 90 அடித்தார். சாயங்காலம் ஸ்கோர் 331-க்கு 6. எதிர்முனையில் ரவி சாஸ்திரி நிற்கிறார்.

"இன்னும் 17 ரன், நாலு விக்கெட் இருக்கு. 'ஜெயிச்சாச்சுடா, கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி பஸ் பிடிச்சுடலாம், வா'ன்னான் அண்ணன். எனக்கு மனசே இல்ல. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். வாலாஜா ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்திருப்போம். உள்ளேருந்து ஒரு சத்தம். ஜெயிச்சா வர்ற சத்தம் இல்ல. தோத்தா வர்ற சத்தமும் இல்ல. வெத்தலைபாக்குக் கடையில் டிரான்ஸிஸ்டர் இருந்துச்சு. ஓடினோம். 'டை'ங்கறான் கடைக்காரன். அண்ணன் கேட்டான், 'டைன்னா யாரு ஜெயிச்சது?'"

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதடான்னான். கடைசிப் பந்து வரைக்கும் பார்த்தோம்னு சொல்லுன்னான். முப்பத்திநாலு வருஷம் சொன்னேன். அவன் என்னடான்னா, கல்யாண வீட்டுல எல்லாம் உட்கார்ந்து, 'மணீந்தருக்கு கொடுத்த எல்.பி.டபிள்யூ. தப்பு. பேட்ல பட்டுச்சு, என் கண்ணால பார்த்தேன்'னு சண்டை போடுவான். மணீந்தரே அப்படித்தான் சொல்றாராம். ஆனா அவர் கிரவுண்டுக்குள்ள இருந்தார். இவன் வெத்தலைபாக்குக் கடையில இருந்தான்!"

வதந்திக்குப் புரையேறிவிட்டது.

"2020 ஜூலையில அண்ணனுக்கு கோவிட். ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணினான். மூச்சு வாங்குது. 'டேய், அன்னிக்கு நாம கிளம்பியிருக்கக் கூடாதுடா'ன்னான். விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாச் சொன்னானான்னு தெரியல. அதுக்கப்புறம் போன் வரல. எங்க வீட்டுலயும் எல்லாருக்கும் பாஸிடிவ். வாசல்ல தகரம் அடிச்சிருந்துச்சு. கடைசியா முகத்தைப் பார்க்கக்கூட நான் போகல."

டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். நன்றாகவே ஆறியிருக்கும்.

"ரெண்டாவது தடவையும் கடைசி ஓவரை நான் பார்க்கலைப்பா."

யாரும் பேசவில்லை. எனக்கு மட்டும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சீனியரின் அண்ணன் இறந்த செய்தி 2020 ஜூலையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நான் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு, பக்கத்தில் கும்பிடுகிற கை ஒன்றும் போட்டேன். மூன்று விநாடி ஆகியிருக்கும். எனக்கு மேலே பதினாறு பேர் அதையே போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து டீன் ஜோன்ஸுக்கு அரை மணி நேரம் கொடுத்தேன். எஸ்.பி.பி.க்கு ஒரு வாரம். அவர்களுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு டீக்கடையில் சீனியர் அழுதது யாருக்கு என்று, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மூன்று புத்திசாலிகளில் ஒருத்தனுக்காவது கேட்கத் தோன்றவில்லையே!

அண்ணனுக்காக ஆபீஸ் வாசலில் நின்று அழ முடியாது, சார். நம் ஊரில் ஆம்பிளைக்கு அதற்கு இடம் கிடையாது. டீன் ஜோன்ஸுக்கு அழலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதிகம் போனால் கிரிக்கெட் பைத்தியம் என்பார்கள்.

அடுத்த தடவை உங்கள் ஆபீஸில் யாராவது ஒரு நடிகருக்கோ பாடகருக்கோ அளவுக்கு மீறிக் கலங்கினால், விக்கெட் கணக்கையும் விருதுக் கணக்கையும் கொஞ்சம் ஓரம் கட்டிவிட்டு, "உங்க கூட யார் சார் அன்னிக்குப் பார்த்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் அதைக் கேட்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுகூட நாங்கள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

"சரி, கிளம்பலாம். எனக்கு டேபிள் டிராயர் எல்லாம் காலி பண்ணணும். கடைசி நாள் கூட்டம், போட்டோ, மாலை எல்லாம் எனக்கு ஆகாது. பாக்கி லீவ் இருக்கு. இன்னியிலேருந்தே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்னு பார்க்கறேன்" என்று எழுந்தார் சீனியர்.

புள்ளிவிவரம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளை மடக்கினான். நடுவில் ஒரு பண்டிகையை மடக்கினான்.

"சார்."

"என்னப்பா?"

"உங்களுக்கு இன்னும் 17 நாள் சார். கூட்டம் கிளம்பறதுக்கு முன்னாடி எழுந்து போயிடாதீங்க."

சீனியர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மாஸ்டர், நாலு டீ" என்றார். "என் கணக்கு."

அன்றைக்கு முதல் தடவையாக டீயைச் சூடாகக் குடித்தார்.